முதுகில் ஐந்து தட்டு

மூன்றாவது வீட்டுக்குப் போகிற வழியிலேயே ரொவேனாவின் சிரிப்பு கரைய ஆரம்பித்துவிட்டது. உதட்டிலிருந்து காது வரைக்கும் இழுத்துவிட்டிருந்த சிவப்புச் சாயம் வியர்வையில் இளகி, வலது பக்கமாகத் தாடைக்கு இறங்கி, கழுத்து மடிப்பில் போய்த் தேங்கியது. ட்ரைசைக்கிளில், மோட்டார் சைக்கிளை ஒட்டியிருந்த பக்கப் பெட்டியில், இரண்டு ஸ்பீக்கருக்கும் வித்தைச் சாமான் பெட்டிக்கும் நடுவில், முழங்காலை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஊபே கிழங்கின் ஊதா நிறத்தில் ஒரு பொய்முடி. அந்த முடியால்தான் சான் பாப்லோ ஊர்ப் பிள்ளைகளுக்கு அவள் 'ஊபே அக்கா'. நாற்பத்தேழு வயதில் அக்காவாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. காலை பத்து மணிக்கு ஒரு ஞானஸ்நான விருந்து, மத்தியானம் ஒரு ஏழாவது பிறந்தநாள், இப்போது நாலு மணிக்கு ஒரு முதலாம் பிறந்தநாள். ஞாயிற்றுக்கிழமைகள் எப்போதும் இப்படித்தான். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் டெல்ஃபின் திரும்பிப் பார்க்காமலே, வாய் இறங்கிவிட்டது, போனவுடன் சரிபண்ணிக்கொள் என்றான். திரும்பிப் பார்க்காமல் எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. பதினாலு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது அது இறங்கித்தான் இருக்கிறது.

வேஷம் கட்டுவதற்கு முன்னால் ரொவேனா ஆறு வருஷம் தெருப் பிள்ளைகள் காப்பகத்தில் உதவியாளாக வேலை பார்த்தவள். அங்கே ஒரு தடவை சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் வந்து, ரப்பர் பொம்மையை வைத்துப் பாடம் எடுத்தார். நாணயம் தொண்டையில் மாட்டினால் ஒரு சந்து இருக்கும், காற்று போகும். பலூன் துண்டு அப்படியில்லை, மூச்சை இழுக்க இழுக்க அதுவும் கூடவே உள்ளே இறங்கி, பானை வாயில் ஈரத்துணி போட்டு மூடினதுபோல மூடிக்கொள்ளும், அந்தப் பிள்ளையால் கத்தக்கூட முடியாது என்றார் அவர். அப்புறம் பொம்மையை முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகில் ஐந்து தட்டு. திருப்பிப் போட்டு, நெஞ்சில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மற்றப் பெண்கள் சிரித்துக்கொண்டே செய்தார்கள். ரொவேனாவுக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. பிறகு காப்பகச் சம்பளம் போதாமல் கோமாளி வேஷத்துக்கு வந்தபோது, அந்தப் பாடத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கையில் பலூன் கொடுக்கமாட்டாள், அம்மாவின் மணிக்கட்டில்தான் கட்டிவிடுவாள். பிள்ளைகளை வாய் வைத்து ஊதவிடமாட்டாள், பம்பு வைத்திருந்தாள். ஒன்று வெடித்தால் ஆட்டம் அப்படியே நிற்கும், துண்டெல்லாம் கைக்கு வந்தபிறகுதான் மறுபடி பாட்டு. இதனால் மற்றக் கோமாளிகள் அவளைக் கன்னியாஸ்திரி என்று கேலி செய்தார்கள். சில வீட்டுக்காரர்கள், பலூனுக்குப் பயப்படுகிற கோமாளியை இப்போதுதான் பார்க்கிறோம் என்று அடுத்த வருஷம் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

அன்றைக்குப் போன வீடு மார்லோனுடையது. கப்பலில் எஞ்சின் அறையில் வேலை, பத்து மாசம் கடலில், இரண்டு மாசம் வீட்டில். வீட்டு வாசலிலிருந்து தெரு பாதியை அடைத்துக் கூடாரம் போட்டிருந்தார். மேசையில் இனிப்பு ஸ்பகெட்டி, குச்சியில் குத்திய ஹாட்டாக், பெரிய தட்டில் பன்சிட் நூடுல்ஸ், நடுவில் கப்பல் மாதிரி செய்த கேக். கூடார வாசலை ஒட்டி, தரை வரைக்கும் தொங்குகிற நீலத்துணி போட்ட இன்னொரு மேசை, அதன்மேல் பரிசுப் பெட்டிகள். அவர் மனைவி கிளாரிஸ்ஸா பிறந்தநாள் பையன் கேலெப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள். எங்கே பார்த்தாலும் பலூன். வாசல் வளைவில், நாற்காலி முதுகில், கூடாரக் கம்பில். போதாததற்கு மார்லோன் இரண்டு கை நிறைய இன்னும் ஒரு கொத்தைக் கொண்டுவந்து ரொவேனாவிடம் நீட்டினார். ஒவ்வொரு பிள்ளை கணுக்காலிலும் ஒரு பலூன் கட்டிவிட வேண்டும், ஒருத்தர் பலூனை ஒருத்தர் மிதித்து உடைக்கவேண்டும், கடைசிவரை உடையாமல் வைத்திருக்கிற பிள்ளைக்கு அவர் துறைமுகத்தில் வாங்கிய பொம்மைக் கார்.

ரொவேனா வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னாள். தவழ்கிற பிள்ளைகள் ஆறேழு இருக்கிறார்கள், தரையில் துண்டு கிடந்தால் வாயில் போட்டுக்கொள்வார்கள், அதற்குப் பதிலாக வேறு ஆட்டம் வைக்கலாம், அவளிடம் நிறைய இருக்கிறது. மார்லோன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவள் அசைந்திருக்கமாட்டாள். அவளை ஸ்பீக்கர் பக்கம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அக்கா, எனக்கு மூணு புள்ளைங்க. மூத்தவ மொத பொறந்தநாளுக்கு நான் பிரேசில் கிட்ட இருந்தேன். ரெண்டாவது எங்கன்னே ஞாபகம் இல்ல. போன்ல பாத்தேன், அதுவும் படம் நின்னு நின்னு வந்துச்சு. இவன் ஒருத்தனோடததான் கண்ணால பாக்குறேன். சின்ன வயசுல நாங்க தெருவுல இத வெளயாடுவோம். ஒரே ஒரு தடவக்கா."

அவள் மறுபடி வாயைத் திறந்தாள். முழங்கால் கீழே ஒரு ஊசி குத்திக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்று சொல்வதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது. காலையிலிருந்து இரண்டு வீட்டில் அந்தத் தெம்பைச் செலவழித்துவிட்டாள். சரி, ஒரு தடவை, ஆனால் முடிந்ததும் எல்லாத் துண்டையும் பொறுக்கின பிறகுதான் அடுத்தது என்றாள். மார்லோன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். டெல்ஃபின் ஸ்பீக்கருக்குப் பின்னாலிருந்து புருவத்தை உயர்த்தினான். அவள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

ஆட்டம் நன்றாகத்தான் போயிற்று. இருபது பிள்ளைகள் குதித்ததில் கூடாரமே அதிர்ந்தது. ஒவ்வொரு வெடிக்கும் கேலெப் அப்பா கையிலிருந்து துள்ளித் துள்ளிச் சிரித்தான். மார்லோனின் முகத்தைப் பார்த்தபோது, ஒத்துக்கொண்டது நல்லதுதான் என்றுகூட ரொவேனாவுக்குத் தோன்றியது. முடிந்தவுடன், யார் அதிகம் துண்டு பொறுக்கிக்கொண்டு வருகிறார்களோ அவர்களுக்கு ஒரு பரிசு என்று மைக்கில் அறிவித்தாள். அது அவள் கண்டுபிடித்த தந்திரம், குப்பை பொறுக்குவதும் ஆட்டமாகிவிடும். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பிள்ளைகள் பிடி பிடியாகக் கொண்டுவந்து அவள் பையில் போட்டார்கள். அதற்குப் பிறகு எப்போதும் அவளே ஒரு சுற்றுப் போவாள், மண்டிபோட்டு, ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் தலையை விட்டுப் பார்ப்பாள். அன்றைக்கும் போனாள். மூன்று மேசைக்கு அடியில் மண்டிபோட்டாள். பரிசு மேசைக்கு வந்தபோது முழங்கால் அதற்குமேல் கேட்கவில்லை. நீளமான கோமாளிச் சப்பாத்தின் நுனியால் நீலத்துணியைத் தூக்கினாள். உள்ளே இருட்டாக இருந்தது. துணியைக் கீழே விட்டாள்.

அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட இருக்காது. பின்னால் எத்தனையோ நாள் அந்த அரை நிமிஷத்தைத்தான் அவள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டின் பின்கட்டில் அன்றைக்குப் பாத்திரம் கழுவுவதற்கென்று ஒரு பெண்ணை அமர்த்தியிருந்தார்கள். ஜோவெலின் என்று பெயர், இருபத்துமூன்று வயது இருக்கும். முதுகில் ஒரு குழந்தையைத் துணியால் கட்டிக்கொண்டு எச்சில் தட்டு எடுக்க இரண்டு மூன்று தடவை கூடாரத்துக்குள் வந்து போனாள். வித்தை ஆரம்பித்த நேரத்தில், தட்டு அதிகமாகிவிட்டதோ முதுகு விட்டுப் போய்விட்டதோ, குழந்தையை இறக்கிப் பரிசு மேசை ஓரத்தில் ஒரு பாயை விரித்து உட்காரவைத்துவிட்டுப் போனாள். ஒரு வயசு இன்னும் நிறையாத பெண்குழந்தை. ரொவேனா கைக்குட்டையை முட்டையாக மாற்றிக்கொண்டே அதைப் பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளும் கண்ணில் இருக்கவேண்டும் என்பது காப்பகத்துப் பழக்கம்.

வித்தைக்கு நடுவில் ஒரு வேடிக்கை உண்டு. டெல்ஃபின் முட்டையை விழுங்கிவிட்டதாக நடிப்பான், ரொவேனா அவனைக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டுவாள், ஒவ்வொரு தட்டுக்கும் அவன் கையிலிருக்கிற சின்னப் பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்குவான், ஸ்பீக்கரில் 'டொய்ங்' என்று கம்பிச்சுருள் துள்ளுகிற சத்தம் வரும். பதினாலு வருஷமாகப் பிள்ளைகள் சிரிக்கத் தவறியதே இல்லை. அதை முடித்துவிட்டு அவன் ஸ்பீக்கர் பக்கம் போனான். அவள் அடுத்த வித்தைக்குச் சீட்டுக்கட்டை எடுத்தாள். எடுத்துக்கொண்டே கூட்டத்தின் ஓரத்தைப் பார்த்தாள்.

பாயில் இருந்த குழந்தை அழுதுகொண்டிருந்தது. வாய் அகலமாகத் திறந்திருந்தது, முகம் சுருங்கியிருந்தது, இரண்டு கையும் விரிந்து விரிந்து மூடின. ஸ்பீக்கர் சத்தத்தில் அழுகை கேட்கவில்லை என்று நினைத்தாள். ஒரு சீட்டை உருவி உயர்த்திக் காட்டினாள். அப்போது பாட்டு மாறுவதற்காக ஒரு நொடி நின்றது. அந்த நொடியில் கூடாரத்தில் எல்லாச் சத்தமும் கேட்டது, கரண்டிச் சத்தம், யாரோ இருமியது, தெருவில் போன வண்டி. அழுகை மட்டும் கேட்கவில்லை. குழந்தையின் உதடு கருத்துக்கொண்டு வந்தது.

சீட்டுக்கட்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. நீளச் சப்பாத்தில் ஓடினாள். தடுக்கி ஒரு நாற்காலியோடு விழுந்து எழுந்தாள், கூட்டம் கொல்லென்று சிரித்தது. குழந்தையைத் தூக்கி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முன்கையைத் தொடைமேல் சாய்த்து அதைக் குப்புறப் போட்டு, தாடையை விரலால் பிடித்துத் தலையைத் தாழ்த்தினாள். தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் ஒரு தட்டு.

டொய்ங்.

ஸ்பீக்கரிலிருந்து வந்தது அது. டெல்ஃபினுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது, அவள் கை ஓங்கி இறங்குவது தெரிந்தது, அவன் விரல் தானாகப் போய் அமுக்கிற்று. இரண்டாவது தட்டு, டொய்ங். மூன்றாவது, டொய்ங். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். யாரோ நாற்காலிமேல் ஏறி நின்று போனில் படம் எடுத்தார்கள். கைக்குழந்தையை வைத்து என்ன வித்தை காட்டுகிறாள் பார் என்று ஒரு பெண்குரல் வியந்தது. ரொவேனாவுக்கு எல்லாம் கேட்டது. நிறுத்து என்று கத்தவேண்டும் என்று நினைத்தாள், ஆனால் வாய் எண்ணிக்கொண்டிருந்தது, எண்ணிக்கை தப்பினால் எல்லாமே தப்பிவிடும் என்று இருந்தது. ஐந்து. திருப்பினாள். இரண்டு விரலால் நெஞ்சு நடுவில் ஐந்து. குழந்தையின் கை விரிவதை நிறுத்திவிட்டது. கண் பாதி மூடி, கழுத்து துவண்டு, ஈரத்துணிபோல ஆயிற்று. மறுபடி குப்புற. ஒன்று, டொய்ங். இரண்டு, டொய்ங். மூன்றாவது தட்டுக்குச் சத்தம் வரவில்லை. கூட்டம் அதற்காகக் காத்திருந்தது போல ஒரு கணம் அமைதியாயிற்று. நாலாவது தட்டில் ஏதோ நெகிழ்ந்தது. திருப்பிப் பார்த்தாள். நாக்குக்குமேல் பச்சையாக ஒரு விளிம்பு தெரிந்தது. அதைச் சுண்டுவிரல் நுனியால் கொக்கி போட்டு இழுத்தாள்.

ஒரு இருமல். இன்னொன்று. பிறகு கிழிந்த குரலில் அழுகை.

கூட்டம் கைதட்டியது. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எத்தனை பிள்ளைகள் நடுவிலும் தன் பிள்ளையின் அழுகை தாய்க்குத் தெரியும் என்பார்கள். பின்கட்டிலிருந்து ஜோவெலின் ஓடி வந்தாள், முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. ஒரு கோமாளி தன் பிள்ளையை மடியில் புரட்டிப் பிடித்திருப்பதையும் அது கத்துவதையும் கூட்டத்தின் இடுக்கில் பார்த்திருக்கிறாள். வந்த வேகத்தில் ரொவேனாவின் பொய்முடியைப் பிடுங்கி எறிந்து, தோளில் அறைந்து, பிள்ளையைப் பறித்துக்கொண்டாள்.

"என் புள்ளைய என்னடி பண்ண?"

 ரொவேனா வெள்ளைக் கையுறை போட்ட கையை விரித்துக் காட்டினாள். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சை ரப்பர், எச்சிலில் நனைந்து சுருண்டு கிடந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒவ்வொரு வரிசையாகக் கைதட்டல் அடங்கியது.

மார்லோன்தான் வண்டியை எடுத்தார். பிறந்தநாள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கிளாரிஸ்ஸா கேக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் கூட்டம் கூட்டமாக நின்று மெதுவாகப் பேசினார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பாபிடின் எப்போது என்று கேட்டுக்கொண்டு டெல்ஃபினின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். மூங்கில் சட்டத்தில் பொம்மையும் மிட்டாயும் தொங்கவிட்டிருந்த அந்தப் பாபிடின் தலைக்குமேலே ஆடிக்கொண்டிருந்தது. கிளாரிஸ்ஸா தலையை அசைத்ததும் அவன் கயிற்றை எடுத்தான். எப்போதும் இறக்கி, பிள்ளைகள் எட்டும்போது வெடுக்கென்று ஏற்றி, கால்மணி நேரம் ஏய்ப்பான். அன்றைக்குக் கயிறு அவன் கையில் நிற்கவில்லை. சட்டம் நேரே பிள்ளைகள் தலைக்கு இறங்கியது, ஒரு நிமிஷத்தில் மொட்டை மூங்கில்தான் மிஞ்சியது.

திரும்பும் வழியில் தென்னந்தோப்பு வந்தது. தோப்போரத்தில் அவன் வண்டியை நிறுத்தினான். இறங்கவில்லை, கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தான்.

"நான் அமுக்குனேன் வெங்." வீட்டில் அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"தெரியும்."

"எத்தன தடவ?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். "ஏழு" என்றாள்.

அவன் மறுபடி வண்டியைக் கிளப்பினான்.

யார் எடுத்த படமோ, செவ்வாய்க்கிழமைக்குள் ஊர் முழுக்க ஒவ்வொரு போனிலும் ஓடியது. உயிர் காத்த கோமாளி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். டொய்ங் சத்தம் அப்படியே இருந்தது. சத்தம் போட்ட அந்த ஆளைப் பிடித்து நாலு போடவேண்டும், மனுஷனா அவன் என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். சிலர் அந்தச் சத்தத்தை மட்டும் வெட்டி எடுத்து வேடிக்கைப் படத்துக்கெல்லாம் ஒட்டினார்கள். டெல்ஃபின் ட்ரைசைக்கிளைச் சவாரிக்கு ஸ்டாண்டுக்குக் கொண்டுபோகாமல் கொல்லையில் நிறுத்திவிட்டு, சங்கிலிக்கு எண்ணெய் போடுகிறேன் என்று நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ரொவேனாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. உள்ளூர் வானொலியிலிருந்து கூப்பிட்டார்கள். பராங்காய் என்கிற அந்த வட்டாரத்தின் தலைவர் ஆளனுப்பி, திங்கட்கிழமை கொடியேற்றும்போது எல்லார் முன்னாலும் ஒரு சான்றிதழ் தரப்போவதாகச் சொன்னார், சட்டம் போட்டே தருவார்களாம். கலாம்பாவிலிருந்து ஒரு அம்மாள் தன் பையன் பிறந்தநாளுக்கு ஊபே அக்காதான் வேண்டும் என்றாள். தேதியெல்லாம் பேசி முடித்துவிட்டு, அந்தப் பலூன் மிதிக்கிற ஆட்டமும் உண்டுதானே, பையன் அதே விருந்தின் இன்னொரு படத்தில் பார்த்து அதையே கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றாள்.  ரொவேனா, அந்த வாரம் உடம்புக்கு முடியாது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உயிர் காத்தவள் என்று யார் சொன்னாலும் அவளுக்குச் சப்பாத்து நுனி துணியைத் தூக்குவதுதான் தெரிந்தது. உள்ளே இருட்டு. அவ்வளவு பேர் பாராட்டியதில் ஒருவர்கூட, அந்தத் துண்டு அங்கே எப்படி வந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்காததை எடுத்துக்கொண்டு போய் யாரிடம் கொடுப்பது? மார்லோன் ஒரு தடவை போன் பண்ணினார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள், நெஞ்சில் ஒன்றுமில்லை, குரல் மட்டும் கரகரப்பாக இருக்கிறது என்றார். பிறகு, நீங்கள் வேண்டாம் என்றுதானே சொன்னீர்கள் என்றார். ஆனால் சரி என்றும் நான்தானே சொன்னேன் என்று அவள் நினைத்தாள். அதைச் சொல்வதற்குள் அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் மழையோடு ஜோவெலின் வந்தாள். பிள்ளையை முன்பக்கமாகக் கட்டியிருந்தாள், கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய லான்சோன் பழம். வேஷமில்லாத ரொவேனாவை அடையாளம் தெரியாமல், ஊபே அக்கா வீடு இதுதானா என்று அவளிடமே கேட்டாள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் மூச்சுவிடாமல் பேசினாள். அன்றைக்கு அடித்ததற்கு மன்னிக்கவேண்டும். பழம் அவள் மாமியார் வீட்டு மரத்தது, இந்த வருஷம் நல்ல இனிப்பு. பிள்ளைக்கு யூனிஸ் என்று பெயர். டிசம்பரில் ஞானஸ்நானம் வைத்திருக்கிறது, மணிலாவில் கட்டட வேலை பார்க்கிற அவள் புருஷனுக்கு அப்போதுதான் லீவு. ரொவேனா அக்காதான் ஞானத்தாயாக நிற்கவேண்டும், அவள் கையில்தானே பிள்ளை இரண்டாவது தடவை பிறந்தது. குழந்தை பாயில் இறங்கி, மேசைக் காலைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தது. டெல்ஃபின் அடுக்களையில் காப்பி போடுகிறேன் என்று போனவன் வெளியே வரவில்லை.

ரொவேனா இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்ததை எடுத்தாள். "ஜோவெலின், நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"நான் மொதல்ல சொல்லிடறேன்க்கா. நீங்க பேச ஆரமிச்சா எனக்குத் தைரியம் போயிரும்."

ஜோவெலின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பாய் விரிக்கறப்ப அந்த மேசைக்கு அடியில கெடந்துச்சு, பச்சையா. இவ காலையிலேருந்து சிணுங்கிட்டே இருந்தா. அத எடுத்து இழுத்து அவ மூக்குல டப்புன்னு விட்டேன். சிரிச்சா. கையில குடுத்துட்டுப் போயிட்டேன். நான்தான்க்கா குடுத்தேன். யார்கிட்டயும் சொல்லல. அவர்கிட்டயும் சொல்லல. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டதுக்கு, எங்கயோ பொறுக்கியிருப்பான்னு சொல்லிட்டேன்."

அதைக் கேட்டதும் ரொவேனாவின் நெஞ்சில் ஐந்து நாளாக இறுகியிருந்த ஒன்று தளர்ந்தது. தானே கொடுத்திருக்கிறாள். தாயே கொடுத்ததற்கு நான் என்ன செய்யமுடியும். நன்றாகக் காற்று உள்ளே போயிற்று, தோள் இறங்கியது. அந்தச் சுகம் ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அதற்குள் எதிரே இருந்தவளைப் பார்த்தாள். சோப்பில் வெந்து தோல் உரிந்த விரல்கள், கண்ணுக்குக் கீழே கருப்பு, பதில் என்ன வரப்போகிறதோ என்று மூடிக்கொண்ட முகம். தன் சுமையை இந்தப் பெண்ணின் தலையில் இறக்கிவைத்துவிட்டு இளைப்பாறிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தபோது, கோமாளி வேஷத்தில் ஒருநாளும் வராத வெட்கம் வந்தது.

"இந்தா பாரு" என்றாள். "அது அங்க கெடந்ததே என்னாலதான். அந்த ஆட்டம் வேண்டாம்னு சொல்லணும், சரின்னுட்டேன். முடிஞ்சப்புறம் எல்லா மேசைக்கு அடியிலயும் நான் மண்டி போட்டுப் பாப்பேன். அன்னைக்கு அந்த ஒரு மேசைக்கு மட்டும் போடல. முட்டி வலி. கால் நுனியால துணியத் தூக்கிப் பாத்துட்டு விட்டுட்டேன். அது தொண்டைக்குள்ள போனா என்ன பண்ணும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சவ குனியல."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஜோவெலின் அவளை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, ஆறுதல் இருந்ததா என்று ரொவேனாவுக்குப் பிடிபடவில்லை. மறுபடி ஒரு அறை விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

"முட்டி வலின்னீங்களே" என்றாள் ஜோவெலின் கடைசியில். "இப்ப தேவலையா?"

 மழைக்கு அதிகமாத்தான் இருக்கு என்றாள் ரொவேனா.

டெல்ஃபின் காப்பியைக் கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டுத் திரும்பிப் போகாமல், போகவும் முடியாமல், தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றான். ஜோவெலின் அவனையும் பார்த்தாள். யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றும் கேட்காமல், நாற்காலியை அவன் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திவிட்டாள். அவன் நுனியில் உட்கார்ந்தான். ஞானஸ்நானத்தைப் பற்றி அவளும் மறுபடி எடுக்கவில்லை, ரொவேனாவும் கேட்கவில்லை.

யூனிஸ் பழப் பையைக் கண்டுபிடித்துவிட்டிருந்தது. பையை இழுத்துச் சாய்த்ததில் இரண்டு பழம் உருண்டு ஓடின. ரொவேனா ஒன்றை எடுத்துத் தோலை உரித்தாள், பிசின் விரலில் ஒட்டியது. உள்ளே கண்ணாடிபோல ஐந்து சுளை. பெரியதாக இருந்த ஒன்றைப் பிய்த்து, நகத்தால் கீறி, பச்சை விதையை நெம்பி எடுத்து ஓரமாக வைத்தாள். மிச்சச் சதையை விரலால் நசுக்கி ஜோவெலினிடம் நீட்டினாள். ஜோவெலின் அதை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், மறுபடி ஒருமுறை நசுக்கினாள், பாதியைத் தான் கடித்துக்கொண்டு மீதியைப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள். பிள்ளை சப்பியது. முகத்தைச் சுளித்தது. மூன்று பேரும் அதன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்து ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு அது ரொவேனாவைப் பார்த்து வாயை மறுபடி அகலத் திறந்தது.